அமாவாசையன்று பயாஸ் மாற்றியது

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடக்கூடாது. நான் தொட்டேன். தறி என்றால் மரத்தறி இல்லை, கம்ப்யூட்டர். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் அதுவும் தறிதான்.

அது எப்படித் தறியாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ஆரணியில் அப்போதுதான் புடவைக் கரைக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட ஆரம்பித்திருந்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக வரைந்ததை அட்டைகளில் துளையாகக் குத்தித் தறியின் மேல் மாட்டுவார்கள். அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அவர் கைக்கு மவுஸ் பிடிபடவில்லை. அன்னத்தை வரைந்தால் வாத்து வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த நான் வரைந்தால் அன்னமே வந்தது. ஆகவே அது என்னுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆயுத பூஜைக்குப் பெரியப்பா மற்ற சாமான்களோடு அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். அன்றிலிருந்து தறிக்குள்ள சட்டமெல்லாம் அதற்கும் வந்துவிட்டது.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும். கம்ப்யூட்டர் மேல் அவருக்கு ஒரே புகார், மந்தம். "ஒரு மயிலு வால மாத்த சொல்லிட்டு நான் பஜார் போய் டீ குட்சிட்டு வந்தாலும், இது யோசிச்சிகினே கீது" என்பார். பொய்யில்லை. அதனால் அப்பா சென்னைக்குப் போய் வேகமான பிராசஸர் ஒன்றை வாங்கி வந்தார். கம்ப்யூட்டருக்கு அதுதான் மூளை. அதை மாட்டி சுவிட்சைப் போட்டோம். திரை கருப்பாகவே இருந்தது. பழையதைத் திரும்ப மாட்டினால் திரை உயிர்பெற்றது. பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சேவூரில் ஒருவர் கம்ப்யூட்டர் கேட்கிறார், அமாவாசைக்கு மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டினார். அண்ணன் எதிரில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்காததால் மூன்றாம் வேளை சாப்பிட்டுவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய அண்ணன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "பிராசஸர் நல்லாத்தான் கீது. உன் போர்டுக்குதான் அது யாருன்னே தெரியல" என்றார்.

பவர் போட்டதும் முதலில் எழுந்திருப்பது பயாஸ் என்னும் சின்ன மென்பொருள். என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்து மற்றவற்றை எழுப்புவது அதன் வேலை. எங்கள் போர்டில், அதாவது பிராசஸரைச் செருகும் பலகையில், இருந்த பயாஸ் இந்தப் பிராசஸர் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நடந்த கல்யாணத்தின் மாப்பிள்ளையைப் போல, அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அப்புறம்தான் புதியதை மாட்ட வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

போர்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைக் கடைசி எழுத்துவரை பார்த்து எழுதி வரச் சொன்னார். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு போர்டின் பயாஸ். டார்ச் அடித்து எழுதிக்கொண்டு போனேன். அந்த எண்ணுக்கு உரியதை இறக்கி, ஒரு ஃபிளாப்பி சொதப்பினாலும் இருக்கட்டும் என்று இரண்டில் போட்டுக் கொடுத்தார். முதலில் பழையதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள், பிறகு புதியதை எழுது என்றார்.

"எழுதிகினு இருக்கும்போது கரண்ட் போனா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான். போர்ட தூக்கி குப்பைல போட வேண்டியதுதான்."

அங்கேதான் இடித்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டு நூல் முறுக்கும் மெஷின். அவையெல்லாம் சேர்ந்து ஓடும்போது மின்விசிறி நொண்டும், கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கும். யு.பி.எஸ். பெட்டி ஒன்று இருந்தது. கரண்ட் போனால் ஒரு முறை கத்திவிட்டு அதுவும் கூடவே போய்விடும். தெருவில் ஒரு மெஷின்கூட ஓடாத நாள் மாதத்தில் ஒன்றே ஒன்று. அமாவாசை. அன்றைக்குத் தொட்டால் குற்றம், மறுநாள் தொடக் கம்ப்யூட்டரே இருக்காது. எனக்கு யோசிக்க எதுவுமில்லை.

மே மாதத்து மத்தியானம். முன்னோருக்குப் படைத்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டு வீடே தூங்கியது. நான் மானிட்டரின் குங்குமப் பொட்டைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டேன். பழைய பயாஸைப் பிரதி எடுத்தேன். புதியதை எழுதலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எழுது என்றேன். திரையில் ஒரு கோடு மெல்ல நீள ஆரம்பித்தது.

கோடு கால்வாசி வந்தபோது பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது. "இன்னாடி பண்ணிகினு கீற?"

கேட்டுக்கொண்டே சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார். நான் எழுந்து சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். "கைய வெக்காதீங்க பெரியப்பா. இப்ப அணைச்சா செத்துடும்."

அவரிடம் அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. "என்கிட்டயே சொல்றியா?" என்றார். ஆமாம் என்றேன். இடத்தை விட்டு நகரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்: பாதியில் கரண்ட் போனால் போர்டு போச்சு, வோல்டேஜ் சீராக இருப்பது இன்றைக்கு மட்டும்தான், நாளைக்குச் சேவூர்க்காரர் வந்துவிடுவார். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது மின்விசிறி நொண்டியது. எதிர் வீட்டிலிருந்து மெஷின் சத்தம். ஏதோ கல்யாண ஆர்டர் அவசரம் போலிருக்கிறது, எதிர் வீட்டுக்காரர் அமாவாசையென்றும் பார்க்காமல் ஓட்டிவிட்டார். கோடு பாதியில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார். "அமாவாச அதுவுமா மெஷின் ஓட்றியே, உனக்கு வெக்கமா இல்ல? நிறுத்துடா ஜல்தி!" தெருவே எழுந்திருக்கும் குரல். மெஷின் நின்றது. மின்விசிறி பழையபடி சுற்றியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செய்யும் அதே குற்றத்துக்கு அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். என்னிடம் தோற்றதை அங்கே போய்த் தீர்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் திரும்பவும் இல்லை. எதிர் வீட்டு வாசலிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தில் விழிக்க வெட்கம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

கோடு முடிந்தது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். எழுந்தது. வாசலுக்கு ஓடினேன்.

"முட்ஞ்சிதா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"முட்ஞ்சிது."

அவர் எதிர் வீட்டுக்காரரிடம், "சரி, நீ ஓட்டிக்கோ" என்றார்.

சாயங்காலம் அப்பா புதுப் பிராசஸரை மாட்டினார். திரை வெளிச்சமாகி அதன் பெயரைச் சொன்னது. "பெரியப்பாவோட சட்டம் பத்து நிமிஷம்கூட நிக்கலப்பா" என்று நான் கிண்டலாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் சேவூர்க்காரர் வந்தபோது, கம்ப்யூட்டர் விற்பதற்கு இல்லை என்று பெரியப்பாவே திருப்பி அனுப்பினார்.

பள்ளி திறந்ததும் தோழிகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். பெரியப்பாவை எதிர்த்து நின்று தனியாளாக ஜெயித்த கதை. மே மாத வெயிலில் அவர் வெறுங்காலோடு தெருவில் நின்றதை மட்டும் விட்டுவிட்டேன். அது கதைக்குத் தேவையில்லை என்று அப்போது நினைத்தேன்.