ராகிப் புல்லும் எங்கள் இயக்குநரும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் கதவோரம் போய் நிற்கிறவள். எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அறக்கட்டளை இயக்குநரைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் மாலை போட்டே எழுதியிருக்கிறார்கள். அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள் ஒருத்தியும் எழுதட்டுமே என்றுதான் துணிந்தேன்.

அவரை நினைத்தால் முதலில் ஒரு களி உருண்டைதான் கண்ணில் வருகிறது. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து வந்திருந்தார். தட்டை மடியில் வைத்து, களியைப் பிட்டு உயர்த்தி, "இந்த மண்ணோட உணவுப் பாதுகாப்பு இதுதான்" என்றார். படம் எடுத்தார்கள். பிறகு வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். பரிமாறிய அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மென்னா பல்லுலதான் ஒட்டும் சாமி, முழுங்கணும்" என்றாள். அவரால் முடியவில்லை. தட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஜீப்பில் போய் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார். அந்தப் படம் எங்கள் அறக்கட்டளையின் நாட்காட்டியில் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. டீசலுக்கென்று எண்ணெய்ச் செடி நடச் சொல்லி ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் பாய்லருக்கு எரிக்க ஏதாவது கிடைக்குமா என்றும் தேடினார்கள். சோறு விளையும் நிலத்தில் எரிபொருள் வளர்க்கக்கூடாது என்று இயக்குநர் பேசினார். அது சரியான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "சோத்து நிலத்தைத் தொடாதே, கழிவை எரி" என்று பேனர் அடித்தார். எது கழிவு என்று எண்ணிவர என்னை அனுப்பினார்.

படிவத்தை அவரே மடிக்கணினியில் தயாரித்திருந்தார். அறுவடைக்குப் பிறகு ராகிப் புல் எதற்குப் போகிறது? கூரைக்கு, அடுப்புக்கு, எருவுக்கு, இதர. நாலே கட்டங்கள். மாட்டுக்குக் கட்டம் இல்லை. எங்கள் பக்கத்தில் ராகிப் புல்லை மாட்டுக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் தொடமாட்டார்கள். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "அதெல்லாம் இதரல போடும்மா. படிவம் அச்சாயிடுச்சு" என்றார். போட்டேன். ஊர் ஊராகப் போய், குவித்து வைத்த புல்லைப் போர் போராக எண்ணி, எல்லாவற்றையும் இதரவில் போட்டேன். கணினியில் ஏற்றும்போது இதர என்பதை எதற்கும் பயன்படாத மிச்சம் என்று சேர்த்துவிட்டார்கள். ஒரு வட்டாரத்து மாடுகளின் தீனி முழுவதும் கழிவாகிவிட்டது.

என் சின்னம்மா அந்த ஊர்களில் ஒன்றில் இருந்தாள். நிலம் கிடையாது, ஒரு பசு உண்டு. அந்தப் பாலில்தான் அவளும் இரண்டு பெண்களும் சாப்பிட்டார்கள். ராகி அடிக்கப் போகிற பெண்களுக்குக் கடைசி நாளில் கூலி ராகியோடு, தலையில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு புல்லும் கொடுப்பது அங்கே வழக்கம். அதை யாரும் அளந்ததில்லை. நிலக்காரரே கை கொடுத்துச் சுமையைத் தூக்கிவிடுவார். இப்படி நாலைந்து களத்துப் புல் சேர்ந்தால் ஆடி வரைக்கும் பசுவுக்குக் கவலை இல்லை. நிலக்காரரின் போரை எண்ணிய என் படிவத்தில் சின்னம்மாவின் சுமை எங்கேயும் இல்லை.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "புல்லுக்கு ஒரு வெல வந்துச்சின்னா அவரு எதுக்கும்மா நம்ம தலையில தூக்கி வெக்கப் போறாரு? நீதான எண்ணிக்கினு போன. உங்க சாருகிட்ட நீயே சொல்லு" என்றாள்.

சொன்னேன். வாழ்நாளில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். முடியும்வரை கேட்டுவிட்டு, "உங்க சின்னம்மாவோட ஒரு மாட்டுக்காக ஒரு பாலிசியையே நிறுத்தச் சொல்றியாம்மா? உணர்ச்சிவசப்படாத. டேட்டா என்ன சொல்லுதுன்னு பாரு" என்றார். அவர் டேட்டா என்று சொன்னது என் கையெழுத்தைத்தான். அப்புறம் ஒரு டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

ராகிப் புல்லைக் கம்பெனி பாய்லருக்கு வாங்குவது பற்றிய கூட்டம் கிருஷ்ணகிரியில் நடந்தது. மதியத்துக்குச் சிறுதானிய விருந்து என்று ராகி அல்வா வைத்திருந்தார்கள். அதை மெல்லுவதில் அவருக்குச் சிரமம் இல்லை. நிலக்காரர்களை வேனில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சின்னம்மா போகும் களத்துக்காரரும் வந்திருந்தார். மேடையில் இருந்த ஓர் அம்மா, அதிகாரி, படிவத்தைப் புரட்டிவிட்டு, "மாட்டுக்குக் கொடுத்தது போகத்தான் இவ்வளவு மிச்சமா?" என்று கேட்டார். அன்று முழுவதும் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி.

"ஆமா மேடம். எண்ணினவங்களே இருக்காங்க" என்று இயக்குநர் என் பக்கம் கை நீட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்தேன். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க மேடம்" என்றேன்.

கை தட்டினார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பொய்யனாக இருந்தால் கொஞ்சமாவது வியர்த்திருக்கும். அவருக்கு வியர்க்கவில்லை. பசியை ஒழிக்கப் பிறந்தவர் தான் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார். என் 'ஆமா'வையும் நம்பினார். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூசுகிறவர்களுக்கு இந்த நம்பிக்கை எளிதாக வந்துவிடுகிறது. அங்கே உண்மையைச் சொல்ல வாயைத் திறக்காத நான் அவரை இகழலாமா என்று யாராவது கேட்டால், கேட்கட்டும். பக்கத்திலிருந்து பார்த்தவளுக்குத்தான் அது முடியும்.

இப்போது அவர் பெரிய ஊர்களில் பேசுகிறார். நான் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். இங்கே யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் வேனில் திரும்பும்போது அந்தக் களத்துக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு லாரியில் எத்தனை கட்டுப் புல் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சின்னம்மாவின் ஊரில் வேன் நின்றது. நான் இறங்கவில்லை.

மறுநாள் அந்தக் களத்தில் ராகி அடித்து முடித்தார்கள். பெண்களுக்குக் கூலி ராகியை அளந்து கொடுத்தார்கள். புல் கொடுக்கவில்லை.