கவிழ்த்த கூடை

எண்பதுகளில் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில், பேசாத பிள்ளைகளையும் பயந்த பிள்ளைகளையும் பார்க்கும் வேலை எனக்கு. வருகிற குழந்தையை அரைமணி நேரம் பொம்மைகளோடு விட்டுவிடுவேன். தள்ளி உட்கார்ந்து, அது பாவனையாக என்ன விளையாடுகிறது, கதையைத் தொடர்ந்து கொண்டுபோகிறதா என்று பார்த்துப் படிவத்தில் மதிப்பெண் போடுவேன். எந்த விளையாட்டைக் கொண்டு குழந்தையைக் குணப்படுத்துவது என்பதை அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் தீர்மானிப்பேன்.

கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் ஒருத்தி ஆறு வயது மகளை அழைத்துவந்தாள்.

"ரெண்டு வருசமா வாயே தொறக்கறதில்லைங்க சார். அடிச்சாக்கூட அழுகமாட்டீங்கறா."

சிறுமி பொம்மைக் குழந்தையை மடியில் போட்டு ஆட்டினாள். மர ஜீப்பை உருட்டிவந்தாள். ஜீப் அருகில் வந்ததும் பொம்மையைக் கீழே கிடத்தி, கூடையைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் உட்கார்ந்து உதட்டில் விரல் வைத்தாள். திரும்பத் திரும்ப இதே விளையாட்டு.

'கற்பனை நன்று, கதை கோர்வையாக இருக்கிறது' என்று எழுதினேன். ஜீப் வந்தால் ஏன் ஒளிக்கிறாள் என்று யோசிக்கவில்லை. அவள் அம்மாவிடமும் கேட்கவில்லை. "நொம்ப நல்லா வெளையாடறே கண்ணு" என்று தட்டிக்கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போயிருந்தேன். அன்று மதியம் அந்தச் சிறுமியின் கைக்குழந்தைத் தம்பிக்குக் காய்ச்சலில் வலிப்பு கண்டது. சேலத்துக்குக் கொண்டுபோக எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. அம்மா துணி எடுக்கத் திரும்பிய நேரத்தில் குழந்தையைக் காணோம்.

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. "ஏனுங்க, எம்புள்ளையப் பாத்தீங்களா?" என்று வீடு வீடாக ஓடினாள் அம்மா. எல்லோரும் தேடினார்கள். காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்தில் சிறுமி கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இதா வெளையாடற நேரம்? போ புள்ள அந்தப் பக்கம்" என்று அதட்டிவிட்டு டிரைவர் அவளைத் தாண்டி ஓடினார்.

என்னைப் பார்த்ததும் அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

அவளைத் தூக்கினேன். என் கையைக் கடித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வாய் திறந்தாள்.

"வேண்டாம்! ஜீப்புல போனா பாப்பா வராது!"

கூடைக்கடியில் குழந்தை கொதித்துக்கிடந்தது. மூச்சு இருந்தது. மலையிறங்கும்போது அம்மா சொன்னாள், இரண்டு வருடம் முன்பு இவனுக்கு மூத்த பாப்பாவும் இதே ஜீப்பில்தான் போய்த் திரும்பவில்லை என்று.

குழந்தை பிழைத்தது. நான்காம் நாள் வீடு திரும்பியது. "எப்படீங்க சார் கண்டுபுடிச்சீங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். "ஏதோ தோணுச்சு" என்றேன். அன்று மாலையே அந்தப் படிவத்தை எடுத்து, பழைய தேதிக்குக் கீழே, 'ஜீப்பைக் கண்டு அச்சம், விசாரிக்க வேண்டும்' என்று சேர்த்து எழுதினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்தமுறை வந்தபோது சிறுமி ஜீப்பைத் தொடவேயில்லை. பொம்மையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, அரைமணி நேரமும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.