அம்சவல்லி அடைத்துவைத்த பெண்கள்

"கதவு தெறக்குது. பூட்ஸ் காலோட ஆபீசர் உள்ள வர்றான். எல்லாரும் வரிசையா நின்னு குனியுறாளுவ" என்று சொல்லிக்கொண்டே அம்சவல்லி குனிந்து நாற்றைச் சேற்றில் ஊன்றுகிறார். அவருக்கு இருபுறமும் நிற்கும் பெண்களும் குனிகிறார்கள். யார் ஆபீசருக்காகக் குனிகிறார்கள், யார் நாற்றுக்காகக் குனிகிறார்கள் என்று வரப்பிலிருந்து பார்ப்பவரால் சொல்லிவிட முடியாது.

குடவாசல் பக்கம் சம்பா நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் அம்சவல்லியின் செட்டைத்தான் கூப்பிடுவார்கள். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கன்னத்தில் வெற்றிலை, கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் செல்போன். அந்த போனில் மணி பார்க்க மாட்டார். நேரத்துக்கு அவரிடம் வேறு கணக்கு உண்டு. "மேரிக்கு ஜொரம் ஏறுனா டீ. ஜொரம் எறங்குனா சோறு."

மேரி யாரென்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அரவிந்தன், அம்மாவுக்குப் பொழுது போகட்டுமே என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பிவைத்தான். போர்க்காலம். வெள்ளைக்காரப் பெண்களை ஜப்பான்காரன் பிடித்து, ஒரு தீவில் முள்வேலி போட்டு அடைக்கிறான். படம் முழுக்க இங்கிலீஷ். அம்சவல்லிக்கு அந்த மொழி தெரியாது. அதனால் கதை புரிவதில் எந்தத் தடையும் இருக்கவில்லை. வாயசைவைப் பார்த்து வசனத்தை அவரே போட்டுக்கொண்டார். படக்காரன் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்ட சங்கதி, அம்சவல்லியின் வாயில் புரட்டாசியில் தொடங்கி ஐப்பசி அடைமழை வரை வந்து நிற்கிறது.

கேட்பவர்களும் சும்மா கேட்பதில்லை. "முகாம்ல என்ன அரிசி போடுறான்?" என்றார் செட்டிலேயே மூத்தவரான வள்ளியம்மை.

"புழுங்கலரிசிதான்."

"அப்ப பரவால்ல. இருந்துட்டுப் போவட்டும்."

மேரி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், வளைகாப்பு உண்டா இல்லையா என்று பிரச்சினை கிளம்பியது. அம்சவல்லி அசரவில்லை. கைதிகள் வேலிக்கம்பியை அறுத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, வளைத்து வளையல் போட்டார்கள். மறுநாள் வேலியில் ஓட்டையைப் பார்த்த ஆபீசர், மாடு புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

விடுதலைதான் வரவில்லை. மீட்க வந்த கப்பல் ஒருமுறை பாதிக் கடலில் ரிப்பேர் ஆனது. இன்னொருமுறை பாலம் அடித்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை எல்லாம் கூடிவந்த நேரத்தில் கேப்டனுடைய மாமியார் தவறிவிட்டார்.

காரணம் இருக்கிறது. போன வருஷம் நடவு நடக்கும்போதே செட்டில் பாதிப் பேர் கும்பகோணத்து ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷம் ஒருத்திகூட நகரவில்லை. கதை முடிந்தால் செட்டும் முடிந்தது என்பது அம்சவல்லிக்குத் தெரியும். அது போதாதென்று நிலத்துக்காரர் சிங்காரவேலு, மேலவயலை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கீழவயலுக்கு நடவு மெஷினைச் சொல்லிவைத்துவிட்டார். கீழவயல் கைவிட்டுப் போனால் அறுவடை வரைக்கும் செட்டுக்கு வேலை இல்லை. "மெஷின் நட்டுட்டுப் போவட்டும். கதை சொல்லுமா?" என்று அம்சவல்லி கேட்டுப் பார்த்தார். சிங்காரவேலு சிரித்தார், அவ்வளவுதான்.

மேலவயலில் பாதி நட்டிருந்தபோது செட்டில் ஒருத்தியான மேகலா கையிலிருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தாள். "அக்கா, இன்னிக்கி அவங்கள வெளிய விடணும். விட்டாத்தான் நடவு."

ஒவ்வொருத்தியாக ஏறி உட்கார்ந்தார்கள். வள்ளியம்மைக்குப் பழைய சங்கத்து ரத்தம். கையை உயர்த்தி, "விடுதலை செய்!" என்றார். வரப்பே திருப்பிச் சொன்னது.

சத்தம் கேட்டு சிங்காரவேலு பைக்கில் பறந்து வந்தார். பறித்த நாற்று வெயிலில் கிடக்கிறது. "என்னம்மா, யாரைப் புடிச்சு வச்சிருக்காங்க?"

"பொம்பளைங்கள, அண்ணே" என்றாள் மேகலா. "பச்ச ஒடம்புக்காரி ஒருத்தி கைக்கொழந்தையோட கெடக்கா."

"அடப்பாவமே. கல்யாண மண்டபத்துலதான வச்சிருப்பாங்க? சாயங்காலம் விட்ருவாங்கம்மா."

"எங்க விடுறாங்க? பொரட்டாசிலேர்ந்து உள்ள கெடக்காளுவ!"

சிங்காரவேலு நல்ல மனிதர். உடனே வக்கீல் குஞ்சிதபாதத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேரு என்ன?" என்றார் வக்கீல்.

"மேரி" என்றது வரப்பு.

"எந்த ஊரு?"

"லண்டன்."

போன் அணைந்தது. சிங்காரவேலு மெதுவாகக் கேட்டார். "யாரு அவங்கள அடைச்சு வச்சது?"

அத்தனை சேற்றுக் கைகளும் அம்சவல்லியைக் காட்டின.

"அம்சவல்லி, நாத்து வாடுது. விட்ரும்மா."

"ஒடனே விட முடியாதுண்ணே. மேலேர்ந்து உத்தரவு வரணும்."

"மேல யாரு?"

"நாந்தான்."

வயலின் நடுவில் தனியாக நின்றுகொண்டு அம்சவல்லி நாற்றைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். விட்டால் கதை போச்சு, விடாவிட்டால் நடவு போச்சு. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "சரி, எறங்குங்கடி. பூட்டு தெறக்குது."

தண்ணீர் தெறிக்க இறங்கினார்கள். ஒரு முடி நாற்றுக்கு ஒருத்தியாகக் கைதிகள் வெளியே வந்தார்கள். ஒருத்தி வரும்போதெல்லாம் ஒரு குலவை. ஆபீசருடைய பூட்ஸைப் பிடுங்கிக் கடலில் எறிந்தபோது போட்ட குலவையில் மடையிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மெஷினே நாணும்படி நட்டார்கள். வெயில் சாய்வதற்குள் கடைசி மூலைக்கு வந்துவிட்டார்கள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. மேரி கடைசி ஆளு. கேட்டுகிட்ட வந்து, வெளிச்சத்துல கையில இருக்குற புள்ளையப் பாக்குறா…" அம்சவல்லி கடைசி நாற்றை ஊன்றி நிமிர்ந்தார். "அது அவ புள்ள இல்ல."

"அக்கா!" என்று அலறினாள் மேகலா.

"நடவு முடிஞ்சிருச்சுல்ல. வூட்டுக்குப் போங்கடி" என்று சொல்லிவிட்டு அம்சவல்லி வாய்க்காலில் இறங்கினார்.

அதுவரை வரப்பிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த சிங்காரவேலு பைக்கை உதைத்தார். அது கிளம்பியது. அணைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாய்க்கால் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்சவல்லி… அப்ப அது யாரு புள்ள?"

அம்சவல்லி ஒரு காலைக் கழுவினார். மறு காலைக் கழுவினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, மோவாயை மெல்ல உயர்த்தி, மெஷினுக்காகக் காத்துக்கிடந்த கீழவயலைக் காட்டினார்.