அத்தப்பூக்கோலத்தில் ஒரு விரிசல்

தொண்ணூற்றெட்டாம் வருடம் மே மாதம் எங்கள் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். யாருக்கும் கல்யாணம் நிச்சயமாகவில்லை, பதவி உயர்வும் இல்லை. ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்துவிட்டோமாம், அதற்குத்தான் லட்டு. எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டு ஒவ்வொரு மேஜையாக வந்து தன் கையாலேயே கொடுத்தார். எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "இன்னைக்கு ஒரு திவசம் தின்னா ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தபடி வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை. சாயங்காலம் எறும்பு தின்றது.

எனக்கு இரண்டு மேஜை தள்ளி இருந்த டைப்பிஸ்ட் தன் லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிறந்த ஊர் அந்தப் பாலைவனத்தில்தான் இருக்கிறது. கணவருக்கு மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்தவர். அலுவலகமே அவரை 'ஹிந்திச் சேச்சி' என்றுதான் கூப்பிடும். அவர் முதலில் கற்றுக்கொண்ட மலையாளச் சொல் வெள்ளம். இங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். குழாயைத் திறந்ததும் வருகிறதே என்று வந்த புதிதில் அவர் வாயைப் பிளந்ததை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வாரம் போல கழித்து, பாளையத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் ஊர்க் கடைக்குப் போன் போட்டுத் தன் அம்மாவோடு பேசினார். துணைக்கு நானும் போயிருந்தேன். அலுவலகத்தில் கட்டாயப்படுத்திப் படிக்க வைத்த என் அரைகுறை இந்தியில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். பூத்தை விட்டு வெளியே வந்து அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வந்து நில்லுங்கள் என்று ராணுவக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். அம்மா உச்சி வெயிலில் நின்றிருக்கிறார். நிலம் ஆடியது. உள்ளே போய்ப் பார்த்தால் முற்றத்தில் விரிசல். அது குறுக்கே ஓடி, மழைத்தண்ணீர் சேர்த்து வைக்கிற நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அடுத்த மழைவரை வைத்துக் குடிக்க வேண்டிய தண்ணீர் அது. மறுநாள் தொட்டியில் சேறுதான் மிச்சம். மூட்டு வலிக்காரி, இப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்வரை நடக்கிறார்.

இதை அவர் செக்‌ஷனில் இந்தியில் சொல்லிப் பார்த்தார், நான் மலையாளத்தில் எடுத்துச் சொன்னேன். யாராவது ஒருவர் 'ஐயோ' என்றால் போதும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராஜ்யத்துக்கு வேண்டியல்லே சேச்சி? கொறச்சு ஸஹிக்கணும்" என்றார். நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"ஆரு ஸஹிக்கணும் சாரே? லட்டு தின்னது நம்மளு, ஸஹிக்கிறது அவங்க அம்மையா?" என்று கேட்டேன். "சாரு வீட்டுக் கிணறு வத்திப்போனா இதே மாதிரி லட்டு கொடுப்பீங்களா?"

"இந்தத் தமிழத்திக்கு எப்பவும் சூடு" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். ஹிந்திச் சேச்சியும் என்னவென்று புரியாமல் கூடச் சிரித்தார்.

பிறகு ஓணம் வந்தது. ஓண விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் அத்தப்பூக்கோலப் போட்டி நடக்கும். தரையில் வட்டம் போட்டு, முழுக்கப் பூவால் நிரப்ப வேண்டும். எங்கும் தரை தெரியக் கூடாது. தெரிந்தால் நடுவர்கள் மார்க்கைக் குறைப்பார்கள், மற்ற செக்‌ஷன்காரர்கள் பூ வாங்கக் கஞ்சத்தனம் பட்டார்கள் என்று கிண்டலடிப்பார்கள். எங்கள் செக்‌ஷனுக்குக் கோலம் போடுவது நான்தான். என் அண்ணனுக்குச் சாலை பஜாரில் பூக்கடை. தோவாளையிலிருந்து வரும் பூ எங்களுக்கு மலிவாகக் கிடைக்கும்.

அந்த வருடம் சூப்பிரண்டு தாமே ஒரு படம் வரைந்துகொண்டு வந்தார். இந்திய வரைபடம், அதன் நடுவிலிருந்து காளான் குடையாக எழும் குண்டுப் புகை. "மஞ்ச கேந்தியில போட்டா சூப்பராயிருக்கும். ஃபர்ஸ்ட் ப்ரைஸ் நமக்குத்தன்னே" என்றார். கேந்தி என்றால் செண்டுமல்லி.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சாரே, மண்ணுக்கு அடியில வெடிச்சதுக்குக் காளான் எங்கேருந்து வந்தது? இதுக்கு எங்க அண்ணன் கடையிலேருந்து ஒரு இதழ் வராது" என்றேன்.

அன்று மத்தியானம் ஹிந்திச் சேச்சி என்னைக் கூப்பிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோலம் போட்டுக் காட்டினார். அவர் ஊரில் பெண்கள் தரைக்குக் காவி பூசி, அதன் மேல் வெள்ளைக் கோடுகளால் போடுகிற கோலம். அவர் அம்மா தன் முற்றத்தில் போடுவது. ஓரத்தில் படிப்படியாக இறங்கும் கட்டங்கள், நடுவில் தொட்டியின் வாய் ஒரு வட்டம். போட்டு முடித்ததும், விரிசலையும் போடலாமா என்று கேட்டார். வாயால் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தால் கேட்பார்கள் இல்லையா என்றார்.

சூப்பிரண்டிடம் போய்ச் சொன்னேன். வடநாட்டுக் கோலம் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது. "நேஷனல் இண்டக்ரேஷன்! கொள்ளாம், கொள்ளாம்" என்று பாராட்டினார். நடுவில் வெறும் தரையாக ஒரு கீறல் விடப்போகிறோம் என்றதற்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள்.

அண்ணனுக்கு என் கொள்முதல் பிடிபடவில்லை. "ஏட்டி, இவ்வளவு கோழிக்கொண்டைய வாங்கி என்ன செய்யப் போற? ஓணத்துக்கு எல்லாரும் மஞ்சக் கேந்தியல்லா எடுப்பாவ?"

"ஒரு வீட்டோட முத்தத்தைக் கோலமாப் போடணும்ணே."

"முத்தத்துக்குக் கேந்தி சும்மா தாரேன், கொண்டுபோ" என்று ஒரு பை நிறைய மஞ்சள் கேந்தியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

போட்டியன்று விடிந்ததும் ஹிந்திச் சேச்சியும் நானும் அலுவலகப் போர்ட்டிகோவில் உட்கார்ந்துவிட்டோம். காவித் தரைக்குச் சிவப்புக் கோழிக்கொண்டை, கோடுகளுக்கு வெள்ளைச் செவந்தி இதழ். விரிசல் கிளம்பும் இடத்திலிருந்து தொட்டிவரை இரு கரையையும் அவரே கட்டினார். விரல் நுனியால் ஒவ்வொரு இதழாகத் தள்ளித் தள்ளி, நேராக இல்லாமல், எங்கெங்கே அகலம், எங்கெங்கே ஒடுக்கம் என்று போனில் அம்மா சொன்ன மாதிரியே. தொட்டியின் வட்டத்தில் ஒன்றும் போடவில்லை. வெறும் சிமெண்ட் தரை. முடித்து எழுந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். இதைப் பார்த்துவிட்டு எவன் இனி லட்டு கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கை கழுவிவிட்டு இருவரும் கேண்டீனுக்குச் சாயா குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் எங்கள் செக்‌ஷன் மொத்தமும் கோலத்தைச் சுற்றி நிற்கிறது. அப்போதுதான் பஸ் இறங்கி வந்தவர்கள். எல்லார் விரலிலும் மஞ்சள். விரிசல் இருந்த இடத்தில், ஒரு நூல் தரைகூடத் தெரியாமல், அண்ணன் கொடுத்த கேந்தி. தொட்டியின் வாயையும் கேந்தியால் அடைத்து, அதன் மேல் குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டார்கள்.

"சேச்சி பயப்படண்டா, கேப் எல்லாம் நாங்க அடச்சாச்சு கேட்டோ" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். எங்களைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவள் முகம் முழுக்க. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். பிரியத்தில் செய்தார்கள். யாருடைய வீடு, என்ன விரிசல் என்று ஒரு வார்த்தை கேட்காத பிரியம். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஹிந்திச் சேச்சிக்குக் கோபம்கூட வரவில்லை. என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். அம்மா வீட்டிலும் இதைத்தான் செய்தார்களாம். போன மாதம் யாரோ வந்து விரிசல் மேல் சிமெண்ட் பூசி, பக்கத்தில் அம்மாவை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். சிரிக்கச் சொன்னார்களாம், அம்மாவும் சிரித்தாராம். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் அன்று ராத்திரியே போய்விட்டதாம்.

இதைத் தன் அம்மா இருக்கும் திசையைப் பார்ப்பது போல எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டேன். குத்துவிளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தேன். மண்டியிட்டு, கேந்தியை இரண்டு கையாலும் அள்ளி வெளியே எறிந்தேன்.

"எந்தா ஈ செய்யுந்நது! ஜட்ஜஸ் வந்தாச்சு!" என்று சூப்பிரண்டு கத்தினார்.

"வரட்டும் சாரே. வந்து பார்க்கத்தானே போட்டது!"

எனக்கு எதிரே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஹிந்திச் சேச்சி உட்கார்ந்தார். மறுமுனையிலிருந்து அவர் திறந்துகொண்டு வந்தார். சிவப்பிலும் வெள்ளையிலும் மஞ்சள் இதழ்கள் சிதறிக் கோலம் அலங்கோலமாகிவிட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை. கடைசிப் பிடி கேந்தியைத் தொட்டியிலிருந்து அவர் அள்ளும்போது நடுவர்கள் எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர், வேட்டி கட்டிய ஒரு மனிதர், குனிந்து பார்த்தார். "ஐடியா கொள்ளாம். பக்ஷே தரை காணுந்நல்லோ. பூ தீர்ந்து போயோ?" தரை தெரிகிறதாம்.

சூப்பிரண்டு ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹிந்திச் சேச்சி எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் அலுவலகத்தில் நாலு பேர் நடுவே மலையாளத்தில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இருந்த கொஞ்சம் சொற்களை வைத்துச் சொன்னார்.

"தரை காணணும் சார். இது என்டெ அம்மயுடெ வீடு. பூ உண்டு. வெள்ளம் இல்லா."

நடுவர் மணி பார்த்துவிட்டு அடுத்த கோலத்துக்குப் போனார். முதல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. அந்தச் செக்‌ஷன்காரர்கள் போட்டிருந்தது காளான் குடை, முழுக்க மஞ்சள் கேந்தியில். தரை எங்குமே தெரியவில்லை.