கூழ் குடித்த மட்டக்குதிரை

செல்லிப்பட்டு ஆற்றங்கரையில் அந்த மட்டக்குதிரையை முதன்முதலாகப் பார்த்தபோது அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிவந்த குதிரையாம். நடை தளர்ந்ததும் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். "உட்டுட்டுப் போவ மனசு வரலைங்க" என்றேன் கணவரிடம். அன்று சாயங்காலமே குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றி, மதகடிப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டை ஒட்டி நாங்கள் நடத்தும் கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் தகரக் கொட்டகையில் அதற்கு இடம் ஒதுக்கினோம்.

நல்ல தீனி போட்டால் ஒரு மாதத்தில் தேறிவிடும் என்று நினைத்தேன். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். குளம்புக்குள் தீராத வீக்கம். நெஞ்சில் இழுப்பு. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. பச்சைப் புல்லோ இனிப்போ தின்றால் குளம்பு வீங்கும். காய்ந்த புல் போட்டால் தூசியில் இழுப்பு வரும். இழுப்பை அடக்கும் மருந்து குளம்புக்கு ஆகாது.

"அப்ப நான் இன்னாதான் சார் குடுக்கறது?"

"காஞ்ச புல்ல பொடிசா நறுக்கி, ஊறவச்சி, கொஞ்சங் கொஞ்சமா குடும்மா. ஒரு நாளைக்கி ஆறு வேளை."

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. புல் நறுக்கி நறுக்கி என் உள்ளங்கை காய்த்துப்போனது. தங்கச்சி மகள் காதுகுத்தில் பந்தியில்கூட உட்காராமல் ஓடிவந்தேன். குதிரைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மருந்து கொடுக்கப் போனால் கடிக்கும்.

போன ஆடியில் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நான் கடையில் இருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அக்கா ஒரு பக்கெட் கேழ்வரகுக் கூழில் வெல்லத்தைக் கரைத்துக் குதிரைக்கு வைத்திருக்கிறார். மறுநாள் காலை அது முன்காலை ஊன்ற முடியாமல், பின்னால் சாய்ந்து நடுங்கிக்கொண்டு நின்றது. குளம்பைத் தொட்டேன். சுட்டது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அதுக்கு இன்னாக்கா குடுத்த?"

"கூழுதான். பாவம், தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுச்சி."

"அது கேக்கும். நீ இன்னாத்துக்குக் குடுத்த? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"சாமி கூழும்மா. அது கெடுதி பண்ணுமா?"

"பண்ணியிருக்குது. வந்து பாரு."

தெருவே கேட்கும்படி கத்தினேன். அக்கா உள்ளே போய்விட்டார்.

மருத்துவர் வந்து ஊசி போட்டுவிட்டு, முன்காலை ஐஸில் நிறுத்தி வைக்கச் சொன்னார். அவ்வளவு ஐஸுக்கு எங்கே போவது? தினமும் மொபெட்டில் மீன் விற்க வரும் அம்மாவை வழியில் நிறுத்திக் கேட்டேன். அவர் பெட்டியிலிருந்த ஐஸை அப்படியே என் டப்பில் கொட்டினார். மீன் வாடை பிடிக்காமல் குதிரை டப்பை உதைத்தது, என் தோளைக் கடித்தது. நான் விடவில்லை.

நாலாம் நாள் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வலி தெரியாம ஒரேயடியா தூங்க வச்சிடலாம்மா. யோசிச்சிப் பாரு."

கணவரும் அதுதான் நியாயம் என்றார். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அது பாசமா, இவ்வளவு பாடும் வீணாகப் போகக் கூடாது என்ற வீம்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து அது கொட்டகைக்கு வெளியே நாலு அடி எடுத்து வைத்தது. சந்தோஷப்பட அரை நாள்கூடக் கிடைக்கவில்லை. கொட்டகைக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் தூசி ஏறி, சாயங்காலமே இழுப்பு வந்துவிட்டது. மூக்கு விரிய அது மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கையிலிருந்த பக்கெட்டைச் சுவரில் விட்டெறிந்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

"நான் வேணா புல்லு நறுக்கட்டுமா?"

"பொடிசா நறுக்கணும். வெல்லம் கில்லம் வைக்கக் கூடாது."

"சரி."

அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அரிவாள்மனையை எடுத்துக் கொடுத்தேன். இப்போது தினமும் இரண்டு வேளை அவர்தான் நறுக்குகிறார். நீளம் நீளமாகத்தான் நறுக்குகிறார். நானும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.