தூண்டிலுக்குக் கேட்ட ஜிகினாத் தாள்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. என் மனைவி அங்கேதான் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறாள். போனை எடுக்கவில்லை. தூண்டிலில் கட்ட மகள் மரத்தில் செதுக்கிய குட்டி மீன் மேசையில் கிடந்தது. அதன்மேல் ஒட்ட, "ரெண்டு துண்டு ஜிகினாத் தாள் கொண்டா" என்று காலையில் மனைவியிடம் சொன்னது நான்தான்.

சிறுவயதில், இதே பட்டாசு வேலைக்குப் போன அம்மாவிடமும் இதையே கேட்டேன். மின்னினால்தான் விரால் கவ்வும். எல்லோரும் வேனில் ஏறிய பிறகும் அவள் தாள் பொறுக்கிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அறை வெடித்தது. வெடிமருந்து வாடையோடு, வெந்த கையில் தாளுடன் வந்தவள், "இந்தாலே, ஒன் மீனுக்கு" என்றாள். அந்தத் தூண்டிலை நான் தண்ணீரில் போடவே இல்லை.

அப்புறமும் எப்படிக் கேட்டேன்?

ஆறு மணிக்கு வேன் வந்தது. கடைசியாக இறங்கிய மனைவி, "வெடிச்சது பக்கத்துக் கம்பெனிங்க. ஓடி வந்ததுல தாளை மறந்துட்டேன். பிள்ளைகிட்ட நாளைக்குன்னு சொல்லுங்க" என்றாள்.