குள்ளமாக இருப்பவள்தான் அக்கா

இன்று யாரைச் சந்தித்தேன் தெரியுமா? எண்பது நாற்காலி போட்ட நம்ம குட்டி தியேட்டரில், கடைசி வரிசை ஓரத்தில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து, வெளிநாட்டுப் படத்துக்குக் கீழே தமிழ் வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிடுகிறாரே, அந்த டைப்பிஸ்ட் அம்மாவை!

கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் அடுத்தவர் சொன்னதைத் தட்டச்சு செய்தவர். ஓய்வு பெற்றதும் இந்த தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனார். கூடப் போன தங்கை, "என்னக்கா சொல்றான், என்னக்கா சொல்றான்?" என்று பிடுங்கி எடுக்க, படத்தின் கீழே ஓடிய இங்கிலீஷ் வரிகளைத் தமிழில் அவர் காதில் ஓதி ஓதியே இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேரே தியேட்டர் முதலாளியம்மாவிடம் போய் நின்றார்.

"தமிழ்ல போடலாமேம்மா? நானே எழுதித் தர்றேன்."

"ஒரே ஒரு ஷோ போட்டுப் பாக்கலாம். ஜனங்களுக்குப் பிடிக்கலன்னா அதோட விட்டுடணும், சரியா?"

அந்த ஒரு காட்சிக்கு வாய்த்தது, பனி கொட்டும் ஊரில் செருப்புக் கடை நடத்தும் சகோதரிகளின் கதை. முதலில் இங்கிலீஷ் வசனத் தாளும், பேர் போட்ட ஒரு போட்டோவும்தான் வந்தன. அந்தப் பாஷையில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சொல். போட்டோவில் ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. வசனத்தில் அதட்டுவதெல்லாம் நெட்டைதான். அப்போ அவள்தான் அக்கா! ஒரு மாதத்தில் அத்தனை வரிகளையும் முடித்துவிட்டார்.

படம் வந்து சேர்ந்தது காட்சி அன்று காலையில். ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில், பேச்சே இல்லாத ஒரு பழைய நினைவுக் காட்சி. ஆறு வயதுக் குட்டைக்காரி, மடியில் ஒரு கைக்குழந்தையை வைத்திருக்கிறாள். குழந்தையின் கன்னத்தில் நெட்டைக்காரியின் மச்சம்!

"போச்சுடி! மாத்திப் போட்டுட்டேன்!"

கூட வந்திருந்த தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். "குள்ளமா இருந்தா தங்கச்சியா? நீயே என் தோளுக்குத்தான் வர்ற!"

"பேசாம ரெண்டு பேருக்கும் பேரைப் போட்டுடுங்களேன்," என்றார் முதலாளியம்மா.

"கூடப்பொறந்த அக்காவ யாரும்மா பேர் சொல்லிக் கூப்பிடுவா?"

மூன்று மணிக்குக் காட்சி. அக்கா, தங்கை என்ற சொற்களை மட்டும் மாற்றினால் போதாது, வாடி போடிகளும் இடம் மாற வேண்டும். தங்கச்சி அக்காவை எப்படி அதட்டுவாள்? டைப்பிஸ்ட் அம்மா பக்கத்தில் பார்த்தார்.

"ஏய், இந்த வரிய நீ எப்படிச் சொல்லுவ?"

"போக்கா! உனக்கு ஒரு எழவும் தெரியாது. முதல்ல சாப்பிடு."

அப்படியே தட்டினார். வரிக்கு வரி தங்கை திட்டத் திட்ட, அக்கா தட்டத் தட்ட, இரண்டே முக்காலுக்கு முடிந்தது.

காட்சியில் அந்த 'போக்கா' வந்ததும் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. அப்புறம் மடியில் குழந்தை வந்தது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். (சரி, நான்தான்.)

விளக்கு போட்டதும் முதலாளியம்மா வந்து, அடுத்த படத்தின் வசனத் தாளை டைப்பிஸ்ட் அம்மா மடியில் வைத்தார். "இதுல மாமாவா சித்தப்பாவான்னு முன்னாடியே கேட்டு வாங்கிடுறேன்."

இப்போது சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குத் தமிழ் வரிகளோடு ஒரு படம். அக்காவோ தங்கச்சியோ இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே வரும்போது கடைசி வரிசை ஓரத்தில் நின்று, 'நல்லா இருந்துச்சும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.